எங்க தெரு சுவர்ல அரசுப் பணம்: ஓவியக் கண்காட்சிகளில் ஏரியா மக்களுக்கு என்ன இடம்?

டிராயிங்_வாத்தியார் | ராயபுரம் | ஞாயிறு, காலை 7.10

அனைவருக்கும் வணக்கம். முப்பத்தொரு வருஷம் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரொம்ப நாளாக மனசில் கிடப்பதை இங்கே இறக்கி வைக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் வெயில் காலத்தில் எங்கள் தெரு முனையில் இருக்கும் நீளச் சுவரில் படம் வரைய ஆள் வந்தார்கள். அரசுத் திட்டம், அரசுப் பணம். ஆறு நாள் சாரம் கட்டி வேலை நடந்தது. பாய் விரித்த கட்டுமரம், வலை, சிரிக்கும் மீனவர், பின்னால் கலங்கரை விளக்கம். அழகாகத்தான் இருந்தது. வரைந்த பிள்ளைகள் கைத்திறன் உள்ளவர்கள், கொளுத்தும் வெயிலில் நின்றார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் அந்தச் சுவருக்கு எதிரே இருபது வருஷமாக இட்லிக் கடை போடும் அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பழைய மாணவன் ஒருவன் இருக்கிறான். அவன் அப்பா சினிமா பேனர் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் போய், இவன் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறான். சாரத்துக்குக் கீழே தினமும் வந்து நின்றான். "நானும் ஒரு மூலை வரையட்டுமான்னு கேட்டேன் சார், லிஸ்ட்ல பேர் இல்லன்னுட்டாங்க" என்றான். மீன்பிடிக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "இந்த மாதிரி படகுல இப்ப யாரும் போறதில்ல சார், எங்கப்பா ஃபைபர் போட்லதான் போறாரு."

ஐப்பசி மழைக்குச் சுவரில் ஓதம் ஏறி, மீனவர் முகத்தில் பாதி உரிந்து விழுந்துவிட்டது. சரி செய்ய ஆள் இல்லை. யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. ஒரு துறை அலுவலகத்துக்குப் போனேன். "வேலை முடிஞ்சு பில் பாஸ் ஆயிடுச்சு" என்றார்கள்.

அரசு கலைக்குப் பணம் செலவு செய்வதை நான் எதிர்க்கவில்லை, அதற்காக வாழ்நாளெல்லாம் பேசியவன். மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்து 1959-ல் திறந்தது. ஓவியக் கல்லூரிக் காவலாளியைத்தான் மாதிரியாக நிற்க வைத்தார் என்று என் ஆசிரியர்கள் சொல்வார்கள். 1923-ல் சிங்காரவேலர் முதல் மே தினத்தைக் கொண்டாடிய அதே கடற்கரை. இன்றைக்கும் மே ஒன்றாம் தேதி தொழிலாளர்கள் அங்கே மாலையோடு வருகிறார்கள். அந்தச் சிலை அவர்களுடையதாகிவிட்டது. எங்கள் சுவர் ஏன் ஒரு வருஷத்தில் யாருடையதும் இல்லாமல் போனது? அதைத்தான் கேட்கிறேன்.

---

வேளச்சேரி_மழை | ஞாயிறு, காலை 8.02

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015-ல் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்க தண்ணீர். 2023 மிக்ஜாம் புயலில் மறுபடியும். நாலு நாள் கரண்ட் இல்லை, என் மாமியாருக்கு இன்சுலின் வைக்க ஃப்ரிட்ஜ் இல்லை. இந்த ஊரில் ஒரு ரூபாய் மிச்சம் இருந்தால் அது வடிகாலுக்குப் போகட்டும். ஓவியம் வேண்டியவர்கள் சொந்தக் காசில் வைத்துக்கொள்ளட்டும். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பத்திக் (மெழுகுச் சாய ஓவியத்) துணி விற்ற காசில்தானே ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் வாங்கி சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கட்டினார்கள்?

---

கிரீம்ஸ்ரோடு | ஞாயிறு, காலை 9.45

கவின்கலைக் கல்லூரியில் படித்தவன், பெயின்டர். வாத்தியார் சார் கேட்ட கேள்விக்கு உள்ளே இருந்து பதில் சொல்கிறேன்.

சுவரோவியம் பெரும்பாலும் டெண்டரில் போகிறது. ரோடு போடுவது, பெஞ்சு வாங்குவது மாதிரியேதான். ஸ்கொயர் ஃபீட்டுக்கு இவ்வளவு என்று ரேட். யார் குறைவாகக் கேட்கிறாரோ அவர்தான் எல்-1, அவருக்கே வேலை. டெண்டரில் கலந்துகொள்ளவே முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், ஜி.எஸ்.டி. எண் வேண்டும், முன் அனுபவச் சான்று வேண்டும். உங்கள் மாணவனிடம் இது எதுவும் இருக்காது. அதனால்தான் லிஸ்டில் பேர் இல்லை. வரைகிற எங்களுக்கே கான்ட்ராக்டர் மூலம் தினக்கூலிதான். பட்டி பார்த்து, பிரைமர் ரெண்டு கோட் அடித்து, காய விட்டு வரைய வேண்டிய சுவரில் நேரடியாக எமல்ஷன் ஏற்றச் சொல்வார்கள். கடல் பக்கம் உப்புக்காற்று. ஒரு மழைக்கு மேல் எப்படித் தாங்கும்?

எந்தப் படம் என்பதையும் நாங்கள் முடிவு செய்வதில்லை. மூன்று டிசைன் அனுப்பச் சொல்வார்கள், ஒன்று ஓகே ஆகி வரும். கட்டுமரம் எப்போதும் ஓகே ஆகும்.

வேளச்சேரி அண்ணே, சோழமண்டலத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அந்த ஓவியர்களை உருவாக்கிய எங்கள் கல்லூரி 1850-ல் ஒரு டாக்டர் சொந்தமாக ஆரம்பித்து, பிறகு அரசு எடுத்து நடத்தியது. பணிக்கரே அங்கே முதல்வராக இருந்தவர். அரசுச் சம்பளம் இல்லையென்றால் அந்தத் தலைமுறையே இல்லை.

---

கண்ணகிநகர்_பிளாக் | ஞாயிறு, பகல் 12.20

நான் கண்ணகி நகர்ல வளர்ந்த பொண்ணு. 2020 ஆரம்பத்துல எங்க பிளாக் சுவருங்கள்ல பெரிய பெரிய படம் வரைஞ்சாங்க, எல்லாரும் நியூஸ்ல பாத்திருப்பீங்க. ஸ்டார்ட் இந்தியா (St+art India)ன்னு ஒரு சுவரோவிய அமைப்பு, மாநகராட்சி, ஒரு பெயின்ட் கம்பெனி எல்லாம் சேர்ந்து செஞ்சது. வெளிநாட்டு ஆர்ட்டிஸ்டும் வந்தாங்க.

நல்லதை முதல்ல சொல்றேன். 2000-லேர்ந்து சிட்டியில இருந்து தூக்கிட்டு வந்து போட்ட ஜனங்க நாங்க. 15,000-க்கு மேல வீடு. பயோடேட்டால கண்ணகி நகர்னு போட்டா இன்டர்வியூக்கே கூப்பிட மாட்டாங்கன்னு என் அண்ணன் துரைப்பாக்கம் சொந்தக்காரங்க அட்ரஸ் போட்டான். படம் வந்ததும் முதல் தடவையா வெளிய இருந்து ஜனங்க எங்க ஏரியாவுக்கு ஆசைப்பட்டு வந்தாங்க. கேமரா எடுத்துட்டு வந்தாங்க. எங்க பாட்டி வாசல்ல சேர் போட்டு உக்காந்து வழி சொல்லிட்டு இருந்தாங்க. அந்தச் சந்தோஷம் பொய் இல்ல.

ஆனா சுவருக்கு உள்ள 300 சதுர அடிகூட இல்லாத வீடு, தண்ணிக்குக் குடத்தோட வரிசை. படத்தைப் பாக்க வந்தவங்க அதை எப்படிப் பாப்பாங்க? என்கிட்ட கேட்டிருந்தா, நாங்க விட்டுட்டு வந்த இடத்தை வரையச் சொல்லியிருப்பேன். கூவம் கரையில எங்க வீடு எங்க இருந்துச்சு, எந்தப் பள்ளிக்கூடம், எந்த மரம். எங்க பாட்டிக்கு ஒவ்வொரு சந்தும் தெரியும். அவங்க சொல்லச் சொல்ல யாராவது வரைஞ்சா அதுதான் கண்காட்சி.

---

டிராயிங்_வாத்தியார் | ஞாயிறு, பகல் 1.05

மகளே, நீ கடைசியில் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். பாட்டியை உட்கார வைத்துச் சொல்லச் சொல்லு. போனில் பதிவு செய்து வை. இன்றைக்கே செய்.

---

தணிக்கைக்காரன் | மயிலாப்பூர் | ஞாயிறு, மாலை 4.30

அரசுக் கணக்குத் தணிக்கையில் இருந்தவன் நான். கிரீம்ஸ்ரோடு தம்பி டெண்டரைப் பற்றி எழுதியது சரி. அதோடு ஒன்று சேர்க்கிறேன், இதை எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

டெண்டர் வேறு, மானியம் வேறு. 1998-ஆம் வருஷத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி அரசு ஒரு பொருளையோ வேலையையோ வாங்குகிறது. சுவர் முடிந்தால் அளந்து பார்த்து பில் கொடுத்துவிடலாம், அதற்குப் பிறகு அந்தச் சுவர் அந்தக் கோப்பில் இல்லை. உங்களிடம் சொன்ன பதில் அதனால்தான். மானியம் என்றால் அரசு ஒரு காரியம் நடக்க உதவுகிறது. வாங்குபவர் கணக்கு வைத்து, நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். எதற்காகப் பணம் என்பதை விண்ணப்பத்திலேயே இனம் இனமாக, அதாவது செலவுத் தலைப்பு வாரியாக, பிரித்து எழுதலாம். ஏரியா ஆட்களுக்குக் கூலி, பயிற்சி, ஒரு வருஷப் பராமரிப்பு என்று இனம் போட்டால் அந்தப் பணத்தை வேறு எதற்கும் திருப்ப முடியாது. போடாவிட்டால் யார் கேட்டாலும் கிடைக்காது. நான் பார்த்த கலை நிகழ்ச்சிக் கோப்புகளில் மேடை, பந்தல், விளக்கு, பொன்னாடை, சிற்றுண்டி எல்லாவற்றுக்கும் இனம் இருக்கும். பராமரிப்பு என்று ஒரு வரியை என் பணிக்காலத்தில் பார்த்த நினைவில்லை.

உங்கள் சுவருக்கு எவ்வளவு செலவானது, பொறுப்புக்காலம் எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய்தான். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒப்பந்தத்தில் பொறுப்புக்காலம் எழுதியிருந்தால் வரைந்து கொடுத்தவர்தான் சரி செய்ய வேண்டும்.

---

வேளச்சேரி_மழை | ஞாயிறு, மாலை 5.15

வடிகால் பணமும் கலைப் பணமும் ஒரே பெட்டியா சார்? நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன்.

---

தணிக்கைக்காரன் | ஞாயிறு, மாலை 5.40

வேறு வேறு பெட்டி. கலை பண்பாட்டுத் துறைக்கு வரும் தொகையை நிறுத்தினால் அது மாநகராட்சியின் வடிகாலுக்கு வந்து சேராது. ஆனால் மாநகராட்சியே அழகுபடுத்தும் பணியாகச் சுவர் வரையும்போது உங்கள் கேள்வி நியாயமானது, அது ஒரே பெட்டிதான். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய கம்பெனிகள் 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் கலையும் பண்பாடும் உண்டு. எந்த ஏரியா என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அதைக் கேட்க வார்டில் இருப்பவர்களுக்கு வழி குறைவு. அரசுப் பணத்தில் குறைந்தபட்சம் மனு போட முடிகிறது.

---

ஒளிப்படப்பெட்டி | திருவல்லிக்கேணி | ஞாயிறு, இரவு 9.20

எல்லோரும் சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள். கண்காட்சி என்றால் உள்ளே போய்ப் பார்ப்பதும் உண்டே. 2019-ல் சென்னை போட்டோ பியனாலே (பியனாலே என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் கலைக் கண்காட்சி) நடந்தபோது சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸில் படங்கள் வைத்திருந்தார்கள். கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டியது, வெளியே இருந்து பஸ்ஸில் போகும்போது பார்ப்போம், அவ்வளவுதான். எங்கள் தெருவில் அயர்ன் பண்ணும் அண்ணனையும் அவர் மனைவியையும் அழைத்துப் போனேன். அண்ணி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். கோயில் மாதிரி இருக்கிறதாம். உள்ளே ஒரு படத்துக்கு முன்னால் இருபது நிமிஷம் நின்றார்கள். பக்கத்தில் எழுதியிருந்தது ஆங்கிலத்தில் மட்டுமா, தமிழிலுமா என்பதுகூட எனக்கு நினைவில்லை. யாரும் அதைப் படிக்கவில்லை. அண்ணி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இதெல்லாம் பாக்க நம்மள விடுவாங்களா?"

காசு இல்லாமல் திறந்திருந்தாலும் வாசலைத் தாண்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். பக்கத்துத் தெருக்காரரே அந்த ஆளாக இருக்கட்டும்.

---

ஊரூர்_அலை | பெசன்ட் நகர் | திங்கள், காலை 6.50

எங்க குப்பத்துல 2015-லேர்ந்து சில வருஷம் விழா நடந்துச்சு. ஊரூர் ஆல்காட் குப்பம் விழா. கச்சேரியும் பறையும் கூத்தும் ஒரே மணல்ல. டிக்கெட் கிடையாது. சபாவுல மட்டும் பாடுறவங்க எங்க ஊர் கரையில வந்து பாடினாங்க. அது பாட்டும் கூத்தும்தான், படம் இல்ல, ஆனா ஒண்ணு கத்துக்கிட்டேன், அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடறவங்க சாயங்காலம் அஞ்சு மணின்னு சொல்வாங்க. ஆம்பளைங்க விடியக்காலம் கடலுக்குப் போகணும், பொம்பளைங்க அந்த நேரத்துல மீன் வித்துட்டு இருப்போம். வந்தா அன்னிக்கு யாவாரம் போச்சு. "சமூகப் பங்கேற்பு"ன்னு ரிப்போர்ட்ல எழுதுறது எங்க அரைநாள் வருமானம். கூட்டத்துக்கு வர ஆர்ட்டிஸ்டுக்குப் பேட்டா உண்டு, ஆபீசருக்குச் சம்பளம் உண்டு, எங்களுக்கு டீயும் பிஸ்கட்டும்.

இன்னொண்ணு. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில. ஆளுங்க வலை தைச்சுக்கிட்டு ஊர்ல இருப்பாங்க, பசங்களுக்கும் லீவு. கடற்கரை ஏரியால கண்காட்சி வெக்கணும்னா அப்பதான் வெக்கணும். மார்கழிதான் சீசன்னு சிட்டிக்காரங்க நெனைக்கறாங்க, அது சபா சீசன்.

---

டிராயிங்_வாத்தியார் | திங்கள், காலை 7.30

அம்மா, ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இத்தனை வருஷம் இருந்துகொண்டு எனக்கு இது தோன்றவே இல்லை. பள்ளி விடுமுறையும் தடைக்காலமும் ஒன்றாக வருகின்றன. வகுப்பறைகளும் காலியாக இருக்கும்.

---

கிரீம்ஸ்ரோடு | திங்கள், பகல் 11.00

எல்லாம் சரி. ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன், சண்டைக்கு இல்லை.

மக்களைக் கேட்டுத்தான் வரைய வேண்டும் என்றால் என்ன கேட்பார்கள்? தலைவர் படம். நடிகர் படம். சாமி படம். ஒரு தெருவில் வரையப் போனபோது இந்தப் பக்கம் இந்தத் தலைவர் வேண்டும் என்றார்கள், அந்தப் பக்கம் வேறு தலைவர். ரெண்டுக்கும் பின்னால் சாதி இருந்தது. சாரத்தில் நின்றுகொண்டு பயந்துபோனேன். தற்காலக் கலை என்பது பார்ப்பவருக்குக் கொஞ்சம் இடறல் தர வேண்டும். எல்லோருக்கும் பிடித்ததை மட்டும் வரைவதென்றால் அதற்கு நான் வேண்டாம். பணிக்கர் ஓவியத்துக்குள் எழுத்தையும் எண்ணையும் கட்டங்களையும் கொண்டுவந்தபோது ஊரைக் கேட்டா வரைந்தார்?

---

கண்ணகிநகர்_பிளாக் | திங்கள், பகல் 11.40

அண்ணா, உங்களை மாதிரி ஆளுங்க "மக்கள் கேட்டா இதைத்தான் கேப்பாங்க"ன்னு முடிவு பண்ணிட்டுத்தான் எங்களைக் கேக்கறதே இல்ல. எங்க பாட்டி தலைவர் படம் கேக்கல. மரத்தைக் கேட்டாங்க.

என்ன வேணும்னு ஒரு நாள் மைக் புடிச்சுக் கேட்டா எல்லாரும் பெரிய பேரைத்தான் சொல்வாங்க. மூணு மாசம் எங்ககூட இருந்து பாருங்க, வேற பேச்சு வரும்.

---

கிரீம்ஸ்ரோடு | திங்கள், பகல் 12.15

நீ சொல்வது சரி தங்கச்சி. ஒரே ஒரு நாள்தான் அந்தத் தெருவில் பேசினேன். மூணு மாசம் இருக்க எனக்கு யாரும் பணம் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

மத்திய கலாசார அமைச்சகத்தில் 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை உண்டு, ரெண்டு வருஷம். மூத்தவர்களுக்கு ஆய்வு நல்கை உண்டு, மாதம் ஜூனியருக்கு 10,000, சீனியருக்கு 20,000. கிடைப்பவர்களுக்கு நல்ல விஷயம். ஆனால் எல்லாமே தனி ஆளுக்கு. ஒரு ஓவியர், ஒரு தெரு, மூணு மாசம் என்று எழுதிக் கேட்க எங்கே போவது?

ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். கதை அவர்களுடையது, படம் என்னுடையது. கடைசிக் கோடு வரை ஓட்டு எடுக்கக் கூடாது.

---

ஊரூர்_அலை | திங்கள், பகல் 2.10

அது நியாயம்தான் தம்பி. வலை எப்படித் தைக்கணும்னு நீங்க சொன்னா நாங்க கேப்போமா?

---

ஒளிப்படப்பெட்டி | திங்கள், மாலை 6.00

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கொச்சி பியனாலே 2012 டிசம்பர் 12-ல் தொடங்கியது, கேரள அரசு பணம் போட்டது. தொடக்கத்திலேயே அந்தச் செலவைப் பற்றிப் பெரிய சர்ச்சை. ஆனாலும் நின்றது. 2021-ல் ஆலப்புழையில் 267 மலையாளி ஓவியர்களை வைத்து 'லோகமே தரவாடு' (உலகமே ஒரே வீடு) என்று ஒரு கண்காட்சி. சொந்த ஊர் ஓவியர்கள் இத்தனை பேரை ஒன்றாக வைத்துப் பார்க்கும் காட்சி நம் ஊரில் எப்போது வரும் என்று ஏக்கமாக இருந்தது. அங்கேயும் எல்லாம் சீராக இல்லை. 2022-ல் திறப்பு நாளை 12-லிருந்து 23-க்குத் தள்ளினார்கள், பங்கேற்ற கலைஞர்கள் பலர் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள்.

பெரிய அளவில் தொடங்கி இழுபறியாவதைவிட ஒரு பள்ளிக்கூடம், ஒரு கோடை விடுமுறை என்று தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

---

வேளச்சேரி_மழை | திங்கள், இரவு 10.30

இன்று ஆபீசில் உட்கார்ந்து இதையே யோசித்தேன். எங்கள் படிக்கட்டுச் சுவரில் 2015 தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. 2023 கோடு அதற்கு ஒரு முழம் கீழே. வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்த இடத்தை மட்டும் விடச் சொன்னது என் மாமியார். ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

எங்கள் தெருவில் எந்தெந்த வீட்டில் எவ்வளவு உயரம் என்று அளந்து, ஒரு நீலக் கோடாகத் தெரு நெடுக ஓட்டினால்? அதற்கு அரசுப் பணம் கேட்டால் நான் எதிர்க்க மாட்டேன். வடிகால்தான் முதலில் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வடிகாலைக் கேட்கலாம்.

---

டிராயிங்_வாத்தியார் | செவ்வாய், காலை 6.15

ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். எங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது கவுன்சிலரிடம் நேரில் கொடுக்கப் போகிறேன். அதன் சுருக்கம் இது. தணிக்கை ஐயா திருத்திக் கொடுக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் இரண்டு வகுப்பறைகளைத் தடைக்காலத்தில் 40 நாள் கேட்கிறேன். மொத்தம் 3 லட்சம் ரூபாய். அதில் 90,000 ஏரியா ஆட்களுக்கு: கதை சொல்லும் பெரியவர்களுக்கு நாள் பேட்டா, வாசலில் நின்று அழைத்துப்போகும் இரண்டு பேருக்குச் சம்பளம். ஓவியர் இருவருக்கு மூன்று மாதத்துக்குச் சேர்த்து 1,20,000. இது குறைவு என்று எனக்கே தெரிகிறது, கிரீம்ஸ்ரோடு தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. படச் சட்டம், விளக்கு, பிரிண்ட், தமிழில் பெரிய எழுத்தில் குறிப்பு இவற்றுக்கு 50,000. மீதி 40,000 அடுத்த மழைக்குப் பிறகு சரி செய்வதற்கு. அதைத் தொடவே கூடாது. மானியமாகத் தர வேண்டும், டெண்டராக அல்ல. ஸ்டிக்கர் கடைப் பையன் இரண்டு ஓவியரில் ஒருவன்.

---

தணிக்கைக்காரன் | செவ்வாய், காலை 8.50

படித்தேன். மூன்று திருத்தம். பள்ளி அறைக்குக் கல்வித் துறை அலுவலரின் அனுமதி தனியாக வேண்டும், மனுவின் நகலை அவருக்கும் போடுங்கள். பணத்தை வாங்க ஒரு பதிவு பெற்ற சங்கம் வேண்டும், தனி ஆள் பெயரில் வராது. மீனவர் கூட்டுறவுச் சங்கமோ குடியிருப்போர் நலச் சங்கமோ இருந்தால் அதன் வங்கிக் கணக்கே போதும். பராமரிப்புத் தொகை அடுத்த நிதியாண்டுக்குப் போகக்கூடும் என்பதால் அதை இரண்டாம் தவணை என்று எழுதுங்கள், இல்லையென்றால் மார்ச் 31-ல் திருப்பிக் கேட்பார்கள்.

'நமக்கு நாமே' திட்டத்தில் கேட்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். அதில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதி கட்ட வேண்டும். உங்கள் தெருவால் ஒரு லட்சம் கட்ட முடியாது. உழைப்பைப் பங்காகக் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், கோப்பில் பதிவாகட்டும்.

---

கிரீம்ஸ்ரோடு | செவ்வாய், காலை 9.30

கோபம் இல்லை சார். ஆளுக்கு மாதம் 20,000 கணக்கு வருகிறது, கான்ட்ராக்டர் கொடுத்ததைவிடக் கூடுதல்தான். இரண்டாவது ஓவியராக என் பேரைப் போட்டுக்கொள்ளுங்கள். உரிந்த சுவரை நாளைக்கு வந்து பார்க்கிறேன். ஓதம் கீழே இருந்து ஏறுகிறதா, மேலே இருந்து கசிகிறதா என்று தெரிந்தால்தான் அதை என்ன செய்வது என்று சொல்ல முடியும்.

---

கண்ணகிநகர்_பிளாக் | செவ்வாய், இரவு 8.40

வாத்தியார் ஐயா, பாட்டி ஒண்ணே கால் மணி நேரம் பேசினாங்க. பதிவு பண்ணிட்டேன். மரம் புங்க மரமாம். அதுக்குக் கீழதான் எங்க அம்மா பிறந்தாங்களாம். இது எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்.

---

டிராயிங்_வாத்தியார் | செவ்வாய், இரவு 9.05

தம்பி, நாளை காலை ஏழு மணிக்கு வா. வெயில் ஏறினால் ஓதம் கண்ணுக்குத் தெரியாது. இட்லிக் கடை அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர்களும் சுவரைப் பற்றிப் பேச வேண்டுமாம்.